மழைக்காக நிற்கும் ரொக்கெட்: ஓர் இளம் பொறியியலாளருக்கு



கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படித்துச் செய்மதித் துறைக்குப் போக விரும்பும் உமக்கு, வானிலைக்காக ஏவுதல் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருவது இயல்பு. ஆனாலும் அந்தத் தாமதத்தை வேலைக்கு வந்த இடைஞ்சலாக எண்ண வேண்டாம். எரிபொருள் நிரப்புவதைப் போல, நிறுத்துவதும் ஏவுதலின் ஒரு பகுதிதான். எந்த நிலையில் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, ஏவும் நாளன்று அதில் பேரம் பேசாமல் இருப்பதே இத்தொழிலில் ஆகக் கடினமான பயிற்சி.

விதிகள் அளவுக்கு மிஞ்சிக் கடுமையானவை என்று சொல்வார்கள். அவற்றை மீறி ஏவியிருந்தாலும் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடந்திராது என்பதும் உண்மை. மின்னலே இல்லாத வானத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும்? 1969 நவம்பர் 14 அன்று அப்பல்லோ 12 புறப்படுவதற்கு முந்தைய ஆறு மணிநேரத்தில் அப்பகுதியில் மின்னல் இல்லை. மழைமுகிலுக்குள் நுழைந்த ரொக்கெட்டை 36ஆவது செக்கனிலும் 52ஆவது செக்கனிலும் மின்னல் தாக்கியது. அதை வரவழைத்தது ரொக்கெட்டேதான். மின்னேற்றம் பெற்ற முகிலுக்கும் நிலத்துக்கும் நடுவில் அதன் உடலும், பின்னால் நீளும் சூடான புகையும் சேர்ந்து மின்கடத்தியாகிவிடுகின்றன. அதில் இருந்த மூன்று விண்வெளி வீரர்களும் தப்பிச் சந்திரப் பயணத்தையும் முடித்தார்கள். 1987 மார்ச் 26இல் ஏவப்பட்ட அட்லஸ்-சென்ரோருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. மின்னல் பட்டு வழிகாட்டும் கணினியின் நினைவகம் குழம்ப, ரொக்கெட் சடுதியாகத் திரும்பி உடைந்தது. அமெரிக்கக் கடற்படையின் செய்மதியும் அதோடு அழிந்தது. ஒரு தடவை தப்பியதை வைத்து ஆபத்தை அளக்க முடியாதென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காத்திருப்பதற்குச் செலவு உண்டு, மறுக்கவில்லை. காலக்கெடுவும் உண்டு. செவ்வாய்க்குப் புறப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒரு தடவைதான் வரும். அப்படியிருந்தும், தென் பசிபிக்கின் மோசமான வானிலையால் நளந்தா என்ற கண்காணிப்புக் கப்பல் உரிய இடத்துக்குச் சென்றுசேரப் பிந்தியபோது, இஸ்ரோ 2013 ஒக்டோபர் 28இல் நடக்கவிருந்த மங்கள்யான் ஏவுதலை நவம்பர் 5க்குத் தள்ளிவைத்தது. ஏவுதளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் வானம் எப்படி இருந்தது என்பது அங்கே பேச்சே அல்ல. மாறாக, 1986 ஜனவரி 28இல் சலஞ்சர் விண்ணோடம் புறப்படுவதற்கு முந்தைய இரவு, 12 பாகை செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பொறியியலாளர்கள் சொன்னார்கள். ஆபத்து என்பதை நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையிலேயே விழுந்தது. ஏறத்தாழ 2 பாகையில் ஏவினார்கள். ஏழு பேர் இறந்தார்கள். நிரூபிக்க வேண்டியவர் ஏவலாம் என்பவரே. 2023 ஒக்டோபர் 21 காலை ககன்யான் சோதனை ரொக்கெட் முதலில் வானிலைக்காக எட்டு மணியிலிருந்து எட்டே முக்காலுக்குப் பிந்தியது. பிறகு கடைசி ஐந்து செக்கன் இருக்கையில் கணினி அதை நிறுத்தியது. பத்து மணிக்குப் பறந்தது. கணினியின் நிறுத்தத்தோடு எவரும் வாதாட முடியாது. வானிலை அதிகாரியின் சொல்லுக்கும் அதே மதிப்பு இருக்க வேண்டும்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏறக்குறைய நேர் தெற்கே கிடக்கிறது. துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் இலங்கைக்கு மேலாகப் பறக்காமல் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே திரும்புகிறது. அதற்காகச் சுமையில் ஒரு பங்கை இழக்கிறது. கீழே இருக்கும் மனிதர்களுக்காகப் பாதையையே வளைக்கும் தொழில் இது, தங்கச்சி. காற்றுக்காக ஒரு நாள் நிற்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

இலங்கைக்கு ஏவுதளம் இல்லை. ஆகவே நீர் பெரும்பாலும் செய்மதி செய்பவராக, பிறருடைய முடிவுக்குக் காத்திருப்பவராகவே தொடங்குவீர். இலங்கையின் ராவணா-1 செய்மதி கூட 2019 ஏப்ரல் 17இல் வேர்ஜீனியாவிலிருந்து புறப்பட்டு, ஜூன் 17இல்தான் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. ‘எப்போது ஏவுவீர்கள்’ என்று நெருக்கும் குரல்களில் உமது குரல் சேர வேண்டாம். முதல் வரைபடத்திலேயே சில மாதக் காத்திருப்பைத் தாங்கும் மின்கலத்தைக் கணக்கில் எடும். ஏவும் திகதிக்குப் பிறகு எத்தனை நாள் உமது செய்மதி பெட்டிக்குள் உயிரோடு இருக்கும் என்பதை எழுதி, ஏவுபவரிடம் முதலே கொடும்.