தொட்டியை விடு, தராசைப் பார்

அன்புள்ள பேத்திக்கு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது ஊஞ்சலில் ஆடிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய்: “குளிக்கிறப்போ திடீர்னு தோணிடுச்சுன்னா அது அதிர்ஷ்டம்தானே தாத்தா? இதுல ஆர்க்கிமிடிஸோட சாமர்த்தியம் எங்க இருக்கு?” அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட, நீ ஓடிவிட்டாய். கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. அறிவியல் கண்காட்சிக்காக ஒரு பையனைப் பிளாஸ்டிக் தொட்டியில் உட்காரவைத்து “யுரேகா” என்று கத்தவிட்ட படத்தையும் காட்டினாயே, அதுவும் கூடவே தங்கி என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அரசனின் தங்கக் கிரீடத்தில் தட்டான் வெள்ளி கலந்தானா என்பதைத் தொட்டியில் வழிந்த நீரை வைத்துக் கண்டுபிடித்த கதை உனக்குத் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. அதைச் சொன்னவர் யாரென்று மட்டும் கேட்டுக்கொள். ஆர்க்கிமிடிஸ் சிசிலித் தீவின் சைரக்யூஸ் நகரத்தில் இறந்தது கி.மு. 212-இல். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் தம் நூலில் இதை எழுதினார். மிதக்கும் பொருள்களைப் பற்றி ஆர்க்கிமிடிஸே இரண்டு பாகங்களில் எழுதிய நூல் நம்மிடம் இருக்கிறது. அதில் கிரீடமும் இல்லை, தொட்டியும் இல்லை.

போகட்டும், கதையிலுள்ள கணக்கையாவது யாரேனும் போட்டுப் பார்த்தார்களா? கிரீடம் 1 கிலோ என்று வைத்துக்கொள். சுத்தத் தங்கமானால் அதன் கன அளவு ஏறக்குறைய 52 கன செ.மீ. தட்டான் நூற்றுக்கு முப்பது பங்கு வெள்ளி கலந்திருந்தால் 65. வித்தியாசம் 13. கிரீடம் உள்ளே போக, வாய் 20 செ.மீ. அகலமுள்ள பாத்திரமாவது வேண்டும். அதில் 13 கன செ.மீ. என்பது அரை மில்லிமீட்டர் உயரம்கூட வராது. விளிம்பில் நீர் குவிந்து நிற்கும் உயரமே அதைவிட மிகுதி. இதை நம்பி ஒரு தட்டானைத் திருடன் என்று தீர்ப்புச் சொல்வதா?

இந்தச் சந்தேகம் எனக்கு முன்பே 22 வயது இளைஞர் ஒருவருக்கு வந்திருக்கிறது. 1586-இல் கலிலியோ ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஆர்க்கிமிடிஸ் போன்றவர் இவ்வளவு முரட்டு வழியில் போயிருக்க மாட்டார், தராசைத்தான் எடுத்திருப்பார் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே. ஒரு தட்டில் கிரீடம், மறு தட்டில் அதே எடைத் தங்கம். முள் நேராக நிற்கிறது. அப்படியே இரண்டையும் நீரில் அமிழ்த்து. கிரீடம் 13 கிராம் கூடுதலாக நீரை விலக்குவதால் அந்தப் பக்கம் மேலே எழும்பும். 13 கிராம் என்றால் ஒன்றரைப் பவுனுக்கும் மேல். ஒன்றரைப் பவுனைக் காட்டாத தராசு எந்த நகைக்கடையில் இருக்கிறது?

தராசு என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. கல்லூரி நாளில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையொன்றில், ஹீத் ஆங்கிலத்தில் பெயர்த்த ஆர்க்கிமிடிஸ் நூல் கிடைத்தது. அட்டை இல்லை, பேரம் பேசி வாங்கினேன். வட்டம், சுருள், பரவளையம் என்று படித்துக்கொண்டே போய், கடைசியில் எரட்டோஸ்தனிஸுக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு வந்தேன். ஆம், கடிதம்தான். அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவருக்குத் தம் தொழில் ரகசியத்தைத் திறந்து காட்டுகிறார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அவர் செய்வது இது. ஒரு பந்து. அதன் விட்டம் எவ்வளவோ அவ்வளவு உயரத்தில் ஒரு கூம்பு, ஓர் உருளை. இவை இரண்டின் அடி ஆரமும் பந்தின் விட்டத்துக்குச் சமம். மூன்றையும் வெள்ளரிக்காய் அரிவதுபோல் மெல்லிய வில்லைகளாக மனத்துக்குள்ளேயே அரிகிறார். பந்தின் வில்லையையும் அதே மட்டத்துக் கூம்பு வில்லையையும் தராசுக் கோலின் ஒரு கோடியில் தொங்கவிடுகிறார். மறுபுறத்தில் உருளையின் வில்லை, தான் இருந்த இடத்தில் இருந்தபடியே அவற்றைச் சமன் செய்கிறது! கோலில் தூரம் மாறினால் எடையின் வலுவும் மாறும் என்பது வெள்ளிக்கோலில் புளி நிறுத்தவர்களுக்குக் கைப்பழக்கம். அதை விதியாக நிறுவியவர் அவர். வில்லைக்கு வில்லை சமன் என்றால் முழுதுக்கு முழுதும் சமன். பந்தும் கூம்பும் தொங்குவது கோலின் நடுப்புள்ளியிலிருந்து விட்டத்தளவு தூரத்தில். உருளையின் எடை மையம் இருப்பது அதில் பாதித் தூரத்தில். ஆகவே பந்தும் கூம்பும் சேர்ந்து உருளையில் பாதி. கூம்பு மூன்றில் ஒரு பங்கு என்பது முன்பே தெரிந்தது. பாதியிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி: ஆறில் ஒன்று. அதுதான் பந்து. இந்த உருளையோ, பந்தைக் கச்சிதமாக மூடும் உருளையைப் போல நான்கு மடங்கு. எனவே பந்து தன்னை மூடும் உருளையில் ஆறில் நான்கு, அதாவது மூன்றில் இரண்டு.

நீங்கள் மனப்பாடம் செய்யும் பந்தின் கன அளவுச் சூத்திரம் இதுதான். அது எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை. கேட்டால் பாடத்திட்டத்தில் இல்லையாம்!

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். விடை கிடைத்துவிட்டது, வேறொருவரானால் அங்கேயே கூத்தாடியிருப்பார். ஆர்க்கிமிடிஸோ அதே கடிதத்தில், இது நிரூபணம் ஆகாது, விடையைத் தேடிப் பிடிக்க உதவும் வழி மட்டுமே என்கிறார். விடை இன்னதென்று முன்கூட்டித் தெரிந்தால் நிரூபணம் தேடுவது எளிது என்பது அவர் கருத்து. பிறகு தராசே இல்லாமல், சுத்த வடிவியலில், ‘கோளமும் உருளையும்’ என்ற நூலில் அதே விடையை நிறுவினார். நிரூபணமில்லாமல் அளப்பவர்களை அவருக்கு ஆகாது. அலெக்சாந்திரியாக் கணிதர்களுக்கு அவர் அனுப்பிய தேற்றங்களில் வேண்டுமென்றே பிழையானவை இருந்தன. எல்லாம் நாங்களே கண்டுபிடித்தோம் என்று மார்தட்டுகிறவர்கள் அவற்றையும் கண்டுபிடித்ததாகச் சொல்லி மாட்டிக்கொள்ளட்டும் என்று! ‘சுருள்கள்’ நூலின் முன்னுரையில் அவரே இதை எழுதியிருக்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த குணம் இதுவே.

(கண்ணாடியால் ரோமானியக் கப்பல்களை எரித்த கதையையும் என்னிடம் கொண்டுவராதே. ரோமானியர் சைரக்யூஸை முற்றுகையிட்டதை விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் பொலிபியஸ் அதைச் சொல்லவே இல்லை. கப்பலைக் கவ்வித் தூக்கிய இயந்திரங்களைச் சொல்கிறார், அது போதாதா?)

தாம் இறந்தபின் கல்லறையில் கோளமும் உருளையும் பொறிக்க வேண்டும் என்று விரும்பினாராம். கி.மு. 75-இல் சிசிலியில் ரோமானிய அதிகாரியாக இருந்த சிசரோ முட்புதருக்குள் அந்தக் கல்லறைத் தூணைத் தேடிக் கண்டுபிடித்தார். ஊர்க்காரர்களோ அப்படியொன்று இருப்பதையே மறந்திருந்தார்கள். எரட்டோஸ்தனிஸுக்கு எழுதிய கடிதத்தின் கதி இன்னும் மோசம். அதன் பத்தாம் நூற்றாண்டுத் தோலேட்டுப் பிரதியை 1229-இல் ஒருவர் சுரண்டி, மேலே பிரார்த்தனைகளை எழுதிவிட்டார். 1906-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஹைபர்க் என்ற டேனிஷ் அறிஞர் அதை எடுத்து, பிரார்த்தனைக்கு அடியில் மங்கிக் கிடந்த வரிகளைப் படித்தார். அத்தனை நூற்றாண்டுகள் தொட்டிக் கதை மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அதிர்ஷ்டமாக இருக்குமோ என்று நீ சந்தேகப்பட்டாய் அல்லவா? தமக்குத் தோன்றியதன் மேல் அவருக்கும் அதே சந்தேகம்தான். சந்தேகத்தோடு விட்டுவிடாமல் உட்கார்ந்து நிரூபணம் எழுதினார். நீயும் எழுது. மேலே சொன்ன பந்துக் கணக்கில் ‘வில்லைக்கு வில்லை சமன்’ என்பதைப் பேச்சோடு பேச்சாகக் கடந்துவிட்டேன். அது ஏன் சமன்? பித்தாகரஸ் தேற்றம் தெரிந்தால் போதும். காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பு. கைபேசியில் கட்டைவிரல் படம் அனுப்பினால் ஏற்க மாட்டேன்.

அன்புடன்,
தாத்தா