வில்லின் இடத்தில் மாண்டலின்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

இசைக்குழு ஒன்றிலிருந்து புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் விலகி, அவர் அமர்ந்த இடத்தில் புதியவர் வந்து அமரும்போது, கேட்போர் உள்ளத்தில் முதலில் எழும் வினா, "பழையவரைப் போல வருமா?" என்பதுதான். கோயில் திருவிழா நாதஸ்வரம் முதல் மேடை மெல்லிசை வரை இவ்வினாவுக்குத் தப்பியவர் எவருமிலர். இவ்வினா முறையானதுதானா என்று ஆராய, 'சக்தி' என்னும் இசைக்குழு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அக்குழுவில் வயலின் மேதை எல். சங்கர் வகித்த இடத்திற்குப் பின்னாளில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார். நான் இசையை முறையாகக் கற்றவனல்லன். ஆயினும், நம் ஆய்வகத்தில் சோனாமீட்டர்க் கம்பியை மீட்டிப் பார்த்த மாணவன் என்ற முறையில் இவ்விருவர் பாணியையும் ஒப்பிட முற்படுகிறேன்.

குழுவின் வரலாறு

ஆங்கிலேய கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் நம் கருநாடக இசையில் ஈடுபாடு கொண்டு, டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். அவரும் சங்கரும், தபேலா ஜாகீர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோரும் கூடி உருவாக்கியதே சக்தி. முதல் இசைத்தட்டில் இராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும் ஒலித்தது. அத்தட்டு 1975 ஜூலையில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியின் பதிவாகும். 1976, 1977ஆம் ஆண்டுகளில் மேலும் இரு தட்டுகள் வந்தன; பின்னர் குழு கலைந்தது.

சங்கர் சென்னையில் பிறந்து, தந்தை வி. இலட்சுமிநாராயணா இசை கற்பித்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். வீட்டிலேயே குரு, வீட்டிலேயே வயலின், தமையன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் அதே வில்லைப் பிடித்தவர்கள்.

1997இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் குழு மீண்டும் உயிர்பெற்றது. முதலில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். அதன்பின் ஸ்ரீநிவாஸின் மாண்டலின். விநாயக்ராமின் இடத்திற்கு அவர் மைந்தர் செல்வகணேஷ் கஞ்சிராவுடன் வந்தார்.

ஸ்ரீநிவாஸ் 1969இல் ஆந்திர மாநிலம் பாலகொல்லில் பிறந்தவர். கருநாடக இசையில் மாண்டலினுக்கு அவர் பின்பற்றத்தக்க முன்னோடி இல்லை. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிக்க அறியாதவர். குரு வாயால் பாடுவார். சிறுவன் அதைக் கம்பியில் தேடிக் கண்டுபிடிப்பான். கற்பித்தவருக்கே தெரியாத கருவியில் கற்றவர் மேதையானது வியப்பன்றோ!

ஒரே அளவு, வேறு ஒலி

வயலினில் ஒலிக்கும் கம்பியின் நீளம் ஏறத்தாழ 33 செ.மீ.; மாண்டலினில் ஏறத்தாழ 35 செ.மீ. மேனாட்டு முறையில் இரண்டிற்கும் சுருதி சேர்ப்பதும் ஒரே சுரங்களில்தான். அவ்வாறாயின் ஒலி ஏன் இத்துணை வேறுபடுகிறது?

விடை, கம்பிக்கு ஆற்றல் கொடுக்கும் முறையில் இருக்கிறது. ராசின் பூசிய வில் கம்பியைப் பற்றி இழுக்கிறது, இழுவை மிஞ்சியதும் கம்பி நழுவுகிறது, மீண்டும் பற்றுகிறது. 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் இது வினாடிக்கு 440 முறை நிகழ்கிறது. இந்நிகழ்ச்சியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்தார். நம் சர் சி. வி. இராமன் 1918இல் இதற்கு விரிவான கொள்கை நூலே எழுதினார். வில் நகரும் வரை ஆற்றல் வந்துகொண்டேயிருக்கும். ஆகவே சுரத்தை மெல்லத் தொடங்கி வளர்க்கலாம், தேய்க்கலாம், மறுபடி எழுப்பலாம்.

மீட்டும் கருவியிலோ ஆற்றல் ஒரே ஒருமுறைதான் தரப்படுகிறது. சுரம் பிறந்த கணத்திலேயே உச்சத்தில் இருக்கும், அதன்பின் தேய்வுதான். சுசீந்திரம் கோயிலின் இசைத்தூணில் தட்டியெழும் ஒலியும் இவ்வினத்ததே. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினை எடுத்ததற்கு இங்கே பொருள் விளங்குகிறது. திண்ணிய உடல் கம்பியின் ஆற்றலை விரைந்து உறிஞ்சுவதில்லை. ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்ற, ஒலிபெருக்கி தேயும் ஒலியையும் பெருக்கித் தருகிறது.

கமகத்தின் கணக்கு

நம் இசைக்கு உயிர் கமகம். வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் வழுக்கினால் கம்பியின் நீளம் மாறும், சுரம் வளையும். மாண்டலினில் மெட்டுகள் உண்டு. அங்கே விரலை மெட்டுகளின்மேல் வழுக்கவேண்டும். அல்லது கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இழுவிசையைக் கூட்டவேண்டும்.

அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பது நாம் அறிந்ததே. சட்சமத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்திற்கு அதிர்வெண் 9/8 மடங்கு. ஆகவே இழுவிசை 81/64 மடங்கு, அதாவது சுமார் 27 விழுக்காடு கூடவேண்டும். விரல்நுனியால் இதை நொடிக்குப் பலமுறை, சுருதி பிசகாமல் செய்யவேண்டும். அன்றியும், இழுத்தால் சுரம் மேலேதான் ஏறும். மெட்டுக்குக் கீழே இறங்காது.

சாதாரண மாண்டலினில் நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள். இணைக்கம்பிகள் இரண்டையும் ஒருசேர இழுத்துச் சுருதி காப்பது அரிது. ஸ்ரீநிவாஸ் இணைகளை நீக்கி, ஐந்து தனிக்கம்பிகள் கொண்ட கருவியை அமைத்துக்கொண்டார். வயலினுக்குக் கருவியே தந்ததை இவர் கருவியை மாற்றிப் பெற்றார் எனலாம்.

ஒரே பாடல், இரு கைகள்

மெக்லாஃப்லின் இயற்றிய 'லோட்டஸ் ஃபீட்' சக்தியின் முதல் தட்டிலும் உண்டு. ஸ்ரீநிவாஸ் வாசித்த 'தி பிலீவர்' (2000) தட்டிலும் உண்டு. மெதுவான நடை, நீண்ட சுரங்கள். கைப்பேசியில் இரண்டையும் மாறிமாறிக் கேட்டேன். சங்கரின் வில்லில் சுரம் மூச்சுவிடுவதுபோல் நீள்கிறது. ஸ்ரீநிவாஸ் அந்த நீளத்தைப் போட்டிக்கு இழுக்கவில்லை. சுரம் தேயும் முன்பே அதற்குள் சிறு அசைவு கொடுக்கிறார். தேய்ந்தபின் வரும் மௌனத்தையும் பாட்டின் பகுதியாக்கிக் கொள்கிறார்.

விரைவான இடங்களில் நிலைமை தலைகீழாகிறது. மீட்டிய ஒவ்வொரு சுரத்துக்கும் கூர்மையான தொடக்கம் உண்டு. எனவே கோர்வைகளில் மாண்டலின், தபேலாவுக்கும் கஞ்சிராவுக்கும் நடுவே தானும் ஒரு தாளக்கருவிபோல் நிற்கிறது. பழைய குழுவில் கிதாரும் வயலினும் இருவேறு குரல்கள். புதிய குழுவில் கிதாரும் மாண்டலினும் ஒரே குலத்துக் குரல்கள். சேர்ந்து ஓடும்போது எவர் விரல் எதுவென்று பிரித்தறியக் காதைத் தீட்டவேண்டியிருக்கிறது. என் செவிக்கு, உருக்கத்தில் சங்கரின் காலமும், கணக்கின் துல்லியத்தில் ஸ்ரீநிவாஸின் காலமும் ஓங்கி நிற்கின்றன. ஒன்றின் குறை மற்றதன் நிறைவாக வந்திருப்பதே சிறப்பு.

எங்கள் ஊர்ப் பட்டறை

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது இசை மட்டுமன்று. கற்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற மயிலாடி என் ஊர். என் தாத்தா உளியும் சுத்தியலும் மட்டுமே கொண்டு சிலை வடித்தவர். என் தந்தையின் காலத்தில் கல்லறுக்கும் மின்னியந்திரம் வந்துவிட்டது. "அப்பனுக்க கை இவனுக்கு வராதுடே" என்று சிலை வாங்க வந்தவர்கள் அவர் காதுபடவே சொல்லியதுண்டு. அவர் மறுமொழி சொல்வதில்லை. உளி கல்லில் புள்ளி புள்ளியாக நடக்கும்; இயந்திரம் கோடாக ஓடும். முன்னதன் சொரசொரப்பைப் பின்னதில் தேடினால் கிடைக்குமா? ஆயினும் முகத்துக்குக் கண் திறக்கும்போது என் தந்தையும் இயந்திரத்தை ஒதுக்கிவைத்து உளியைத்தான் எடுக்கிறார். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று அறிந்த கை அது. அந்த அறிவை அளக்காமல் கைகளை மட்டும் ஒப்பிடுவது நீதியாகாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என்னை ஒப்பிட வீட்டில் முன்னவர் இல்லை, வழிகாட்டவும் இல்லை. குரு அறியாத கருவியில் ஸ்ரீநிவாஸ் வழி கண்ட வரலாறு, நம்மில் பலருக்கும் ஆறுதலாகும் என்றே நம்புகிறேன்.

முடிவுரை

2014 செப்டம்பர் 19ஆம் நாள், தம் 45ஆம் அகவையில், ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். பின்னர் சக்தி மீண்டும் கூடியபோது இன்னொரு மாண்டலினைத் தேடவில்லை. வயலின் கலைஞர் கணேஷ் ராஜகோபாலனை அழைத்தது. 2023இல் வெளிவந்த அவர்களது 'திஸ் மொமன்ட்' தட்டு 2024இல் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஜாகீர் உசேனும் மறைந்தார். வில் திரும்பி வந்தும், அது சங்கரின் வில்லாக ஒலிக்கவில்லை என்பதை அத்தட்டைக் கேட்போர் உணர்வர்.

ஆகவே, மாணவ நண்பர்களே, புதியவர் ஒருவர் மேடையேறும்போது "பழையவரைப் போல வருமா?" என்று கேளாதிருப்போம். "இவர் கையிலுள்ள கருவி எது? அதனால் இயலாததை எவ்வாறு ஈடுசெய்கிறார்? அதனால் மட்டுமே இயல்வதை எவ்வாறு வெளிக்கொணர்கிறார்?" என்று கேட்போம். அதுவே கலைக்கும், கலைஞர்க்கும், அறிவியல் பயிலும் நமக்கும் பெருமை தரும்.