கோழிக்குக் கைமருந்து: புதிதாக வளர்க்க வந்தவர்களுக்கு

வீட்டுக்குப் பின்னால் ஐந்தாறு நாட்டுக்கோழி வாங்கி விட்ட பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, என்ன மூலிகை கொடுக்கலாம் என்பதுதான். கேள்வி நல்லது. வேப்பிலையும் மஞ்சளும் கீழாநெல்லியும் கோழிக்கு உதவுகின்றன என்பதை நான் மனதார நம்புகிறேன். எங்கே உதவும், எங்கே உதவாது என்பது தெரியாமல் கொடுத்தால் கோழிதான் சாகும். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

1. இலையைத் தேடுமுன் கோழியைப் பார்க்கப் பழகுங்கள். காலையில் கூட்டைத் திறந்ததும் எது கடைசியில் வருகிறது, எது இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கிறது, எதன் கொண்டை வெளுத்திருக்கிறது என்று கவனியுங்கள். எச்சத்தின் மேல் கொஞ்சம் வெள்ளை படிந்திருப்பது இயல்புதான், நோயல்ல. இரைப்பை மாலையில் நிறைந்தும் விடியலில் காலியாகவும் இருக்க வேண்டும். தொட்டால் சுடுகிறதே, காய்ச்சலோ என்று பயப்பட வேண்டாம். கோழியின் உடம்புச் சூடு இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்.

2. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசிதான் காவல். இதை மட்டும் மறக்காதீர்கள். இராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய் வைரஸால் வருவது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இழுத்தல் என்று வந்துவிட்டால், பக்குவமாக அரைத்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் கைக்கு நிற்காது. பக்கத்து வீட்டுக் கோழி செத்த பிறகு கீழாநெல்லி பறிக்க ஓடுவதில் பயனில்லை. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. பிறகு டாக்டர் சொல்கிற இடைவெளியில் மறுபடியும். தமிழ்நாட்டில் கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இரண்டு வாரம் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. வெயில் தொடங்கும் காலத்தில் இந்த நோய் ஊரைச் சுற்றும் என்பதால் அந்த மாதம்.

ஊசிக்கு ஒரு வாரம் முன்னதாகவே டாக்டரிடம் கேட்டுக் குடற்புழு நீக்கிவிடுங்கள். நோயில் இருக்கிற கோழிக்கு ஊசி போடாதீர்கள், அதன் உடம்பு அதை ஏற்காது. மருந்தை நீங்களே வாங்கி வந்தால் ஐஸ் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். சட்டைப் பையில் சூடேறி வந்த மருந்தைப் போடுவதும் பச்சைத் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான்.

"நாங்கள் இயற்கை முறையில் வளர்க்கிறோம், ஊசி போடமாட்டோம்" என்று சிலர் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் கொள்கைக்காக வாயில்லாச் சீவன் கழுத்து முறுக்கிச் சாகக் கூடாது.

3. மூலிகைக்கு உரிய நேரம், கோழி நன்றாக இருக்கும் நேரம். எங்கள் பக்கத்துப் பக்குவம் இது. பத்துப் பெரிய கோழிக்கு: சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு பத்து, இரண்டையும் கொஞ்ச நேரம் ஊறவையுங்கள். கீழாநெல்லி ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம் ஐந்து, பூண்டு ஐந்து பல், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி சேர்த்து அரைத்து, குருணையிலோ கம்பு மாவிலோ பிசைந்து வையுங்கள். மழைக்காலத் தொடக்கத்திலும் பருவம் மாறும்போதும் கொடுத்தால் இரை எடுப்பது சீராகிறது. தினமும் வேண்டாம். வெங்காயம் அளவு மீறினால் கோழிக்கு ரத்தம் கெடும். மருந்துதானே என்று அள்ளி வைக்காதீர்கள்.

மஞ்சளைத் தண்ணீரில் கலக்கி வைப்பது வீண். அது கரையாமல் அடியில் தங்கிவிடும், கோழி மேல்தண்ணீரைத்தான் குடிக்கும். மஞ்சள் தீவனத்தோடுதான் போக வேண்டும். மழைநாளில் லேசாகச் சளி பிடித்தால் துளசி, கற்பூரவல்லி, தூதுவளை கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை வைக்கலாம். அன்றைக்கு வைத்ததை அன்றைக்கே கொட்டிவிடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சில் கரகரப்பு நீடித்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

4. ஈரத்தை விரட்டுங்கள். குஞ்சுகளில் ரத்தக்கழிச்சல் வருவதற்கு எச்சத்தோடு சேர்ந்த ஈரமும் கதகதப்பும் போதும். அதைக் கிளப்பும் நுண்ணுயிர் ஈரத் தரையில்தான் முற்றி, அடுத்த குஞ்சின் வயிற்றுக்குப் போகத் தயாராகிறது. தேங்காய்நார்க் கழிவோ உமியோ பரப்பி அடிக்கடி கிளறிக் காயவிடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்ததை அன்றாடம் அள்ளுங்கள். எச்சத்தில் ரத்தம் கண்டால் அதற்கென்று மருந்து இருக்கிறது; அன்றே வாங்கிக் கொடுங்கள். அங்கே இலைச்சாறு கொடுத்துக் காத்திருந்தால் குஞ்சு பிழைக்காது.

5. பேனும் செள்ளும். மூலிகை தன் பலத்தை முழுதாகக் காட்டும் இடம் இதுதான். முதலில் இரண்டையும் பிரித்தறியுங்கள். பேன் கோழியின் உடம்பிலேயே குடியிருக்கும். பின்பக்கத்து இறகை விலக்கினால் இறகடியில் முட்டை கொத்தாக ஒட்டியிருக்கும். செந்நிறச் செள்ளு பகலில் கூண்டு இடுக்கிலும் கோழி அடையும் கட்டையின் அடியிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவில் டார்ச் அடித்துக் கட்டையின் அடியைப் பாருங்கள்.

பேனுக்கு மண் குளியல். நிழலில் ஒரு குழி வெட்டி, மணலும் விறகுச் சாம்பலும் காயவைத்துப் பொடித்த வேப்பிலையும் கலந்து போடுங்கள், கொஞ்சம் வசம்புப் பொடியும் சேர்க்கலாம். கோழி தானே புரண்டு இறகுக்குள் ஏற்றிக்கொள்ளும். செள்ளுக்குக் கூண்டைத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்: இடுக்கெல்லாம் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து, கட்டையில் வேப்பெண்ணெய் பூசுங்கள். ஒரு தடவையோடு நிறுத்தாமல் வாரம் தவறாமல் திரும்பச் செய்யுங்கள். முட்டையிலிருந்து புதிது புதிதாக வரும்.

அடைக்கோழியைத் தனியாகக் கவனியுங்கள். 21 நாள் பெரும்பாலும் எழாமல் உட்கார்ந்திருக்கிறது. பேன் பெருகினால் முட்டையை விட்டு எழுந்துவிடும். கூடையில் வைக்கோலுக்கு அடியில் நொச்சி இலையும் வேப்பிலையும் பரப்பி அடை வையுங்கள். சீத்தாப்பழ விதைப் பொடியைப் பேனுக்குப் போடச் சொல்வார்கள். அது கண்ணைப் புண்ணாக்கும்; எனக்கு அதில் சம்மதமில்லை.

6. அம்மைக் கொப்புளத்தைப் பிய்க்காதீர்கள். நோய்க்கிருமி அந்தப் பொருக்கில்தான் இருக்கிறது. வேப்பிலை, துளசி, மஞ்சள் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்து, கண்ணில் படாமல் கொண்டையிலும் முகத்திலும் தடவுங்கள். இது அம்மையைப் போக்காது, புண் சீழ் வைக்காமல் காக்கும். கண் மூடிக்கொண்டால் இரை தெரியாமல் பட்டினியிலேயே செத்துவிடும், கையால் ஊட்டுங்கள். நோயைப் பரப்புவது கொசு என்பதால் சுற்றுப்புறத்தில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். சாயங்காலம் நொச்சி, வேப்பிலைப் புகை போடலாம், கூண்டுக்கு வெளியே மட்டும். அம்மைக்கும் தடுப்பூசி உண்டு.

7. இரைதான் முதல் மருந்து. முருங்கைக்கீரை, அசோலா, கரையான், உடைத்த கிளிஞ்சல் கிடைத்தால் பாதி நோய் அண்டாது. அசோலாவைச் சாண வாடை போகக் கழுவி வையுங்கள்.

8. வெயில் நாளில் கோழிக்கு வியர்க்காது, வாய் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நிழலும், அடிக்கடி மாற்றிய குளிர்ந்த தண்ணீரும், நீர்மோரும் கொடுங்கள்.

9. கொடுக்கக் கூடாதவை: பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், உப்பு மிகுந்த ஊறுகாய், கருவாட்டுக் கழிவு, உள்மருந்தாகக் கற்பூரம். ஆமணக்கு விதை, குன்றிமணி, அரளி, ஊமத்தை கோழி நடமாடும் இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் மருந்து கொடுத்திருந்தால் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று மறக்காமல் கேளுங்கள்.

10. ஒரே நேரத்தில் பல கோழி செத்தால் அரைப்பதையும் காய்ச்சுவதையும் நிறுத்திவிடுங்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். செத்ததை அறுக்காதீர்கள், விற்காதீர்கள், வாய்க்காலிலோ ரோட்டோரமோ வீசாதீர்கள். அரசுக் கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லுங்கள். அவர்கள் பார்த்த பிறகு ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கான இலவச எண் 1962. கூண்டுக் கதவில் இப்போதே எழுதி வையுங்கள்.