பத்து மாதக் கணக்கு

அன்புள்ள கண்மணி,

கல்யாணம், குழந்தை என்று வந்துவிட்டால் ஓட்டத்துக்கு முழுக்குப் போட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறாய். வேண்டியதில்லை. ஆனால் "பவுலா ராட்கிளிஃப் பத்தே மாதத்தில் திரும்பி வந்து ஜெயிக்கவில்லையா?" என்று நீயே ஒரு பதிலும் எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

2007 ஜனவரியில் பிரிட்டனின் பவுலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நவம்பரில் நியூயார்க் மாரத்தான். எத்தியோப்பியாவின் கெட்டே வாமி கடைசி வரை அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். சென்ட்ரல் பார்க்கில் முந்தவும் பார்த்தார். பவுலா விடவில்லை. 23 விநாடி வித்தியாசத்தில் வென்று, மகளைக் கையில் ஏந்திக்கொண்டார். உலகம் பார்த்தது அந்தப் படத்தை.

நடுவில் நடந்தது அந்தப் படத்தில் இல்லை. பிரசவமாகி இரண்டு வாரம்கூட ஆகாமல் ஓடத் தொடங்கியவருக்கு முதுகுத்தண்டின் அடியெலும்பில் விரிசல் விழுந்தது. 2003-ல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி, 16 ஆண்டுகள் யாரும் தொட முடியாத சாதனை படைத்தவர் அவர். அவர் எலும்புக்கே அந்தக் கதி. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் பாலுக்குப் போகிறது, ஈஸ்ட்ரோஜனும் குறைந்திருக்கும். பாலை நிறுத்திய பிறகு எலும்பு பெரும்பாலும் தேறிவிடும். மூச்சு அதற்கு முன்பே தேறிக்கொண்டு "ஓடலாம் வா" என்று ஆசை காட்டும், அதுதான் ஆபத்து. 2019-ல் பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் வகுத்த வழிகாட்டுதல், முதல் 3 மாதம் ஓடவே வேண்டாம் என்கிறது. அதன் பிறகும் ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கனத்து இறங்குவது போலிருந்தாலோ, வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அவசரம் எப்போதும் ஆசையால் மட்டும் வருவதில்லை. 2010-ல் குழந்தை பெற்ற அமெரிக்க ஓட்டக்காரி காரா கௌச்சர், மீண்டும் போட்டியில் இறங்கும்வரை தன் ஸ்பான்சரான நைக்கி தனக்குப் பணம் தராது என்று தெரிந்துகொண்டதை 2019-ல் வெளிப்படையாகச் சொன்னார். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்நிறுவனம் கர்ப்பகாலப் பாதுகாப்பை ஒப்பந்தத்தில் சேர்த்தது. உன் முன்னால் என்றாவது ஒரு ஸ்பான்சர் ஒப்பந்தம் வந்தால், பிரசவம் பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் தேடு. இல்லையென்றால் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடு.

உன் கடிதத்தின் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. அப்பா போனதிலிருந்து கால் எழவில்லை, சோம்பேறியாகிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பவுலாவை ஓட்டத்துக்குக் கூட்டிவந்ததும் அவர் அப்பா பீட்டர்தான். 1985-ல் அப்பா ஓடுவதைப் பார்க்க லண்டன் மாரத்தானுக்குப் போன 11 வயதுச் சிறுமி, நார்வேயின் இங்க்ரிட் கிறிஸ்டியன்சென் உலகச் சாதனை படைப்பதைக் கண்டாள். இங்க்ரிட்டும் ஒரு பிள்ளைக்குத் தாய். பவுலாவின் அப்பா 2020-ல் இறந்தார். அதே ஆண்டு, பவுலாவின் 13 வயது மகளுக்குச் சூலகப் புற்றுநோய். மகள் கீமோதெரபி முடித்துத் தேறி, 2025-ல் லண்டன் மாரத்தானையே ஓடி முடித்தாள். ஐந்து வருடம், கண்ணு. நீ ஐந்து மாதத்துக்குள் உன்னையே திட்டிக்கொள்கிறாய்.

துக்கத்தில் தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது. அந்த உடம்போடு இன்டர்வல் ஓடினால் காயம்தான் மிஞ்சும். கோச்சிடம் சொல்லி அட்டவணையைப் பாதியாக்கு. வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடு; அழுகை வந்தால் நின்று அழு. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் மறைக்காதே, சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம். ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வா. இந்த வருட மாவட்டப் போட்டிக்கு நீ வரவில்லை என்று அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தி