மாணாக்கன் வினா

கி.பி. 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் தோன்றிய இராமாநுசர், காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். சாந்தோக்கிய உபநிடதச் சொல்லொன்றுக்கு ஆசிரியர் உரைத்த பொருளை மறுத்து, கதிரவனால் மலர்ந்த தாமரை என மாணாக்கர் வேறு பொருள் கண்டார். ஆசிரியர் சினந்தார், பிரிவு நேர்ந்தது. பிற்காலத்தே அவ்வாசிரியரே அம்மாணாக்கருக்குச் சீடராயினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும்.

இன்று அவ்வூரில், ஒரகடத்து ஆலைகளிற் பணிபுரிய விழையும் இளைஞர்க்கு யாம் அளவைப் பாடம் கற்பிக்கின்றோம். வெர்னியர் அளவுகோலின் சுழிப்பிழையைக் கழிக்க யாம் மறந்ததை ஒருவன் சுட்டினான். “அமர்க” என்று அடக்கினோம். அவன் பின்னர் வினவவேயில்லை, வகுப்பும் வாய்மூடிற்று. அவ்வமைதியை வெற்றியென மயங்கினோம். மறுவாரம் எம் பிழையை ஒப்பி, அவனையே கரும்பலகையில் திருத்தச் செய்தோம். அன்று மூன்று கைகள் உயர்ந்தன. வினாவெழாத வகுப்பே ஆசிரியன் தோல்வியென்று அறிந்தோம்.