நூலகம் நடத்தும் ஆய்விதழ்: முதல் ஒப்பந்தம் முதல் காப்பகம் வரை

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிக்க முடிகிறது. நல்ல செய்தி. உலகம் எழுதுவதை நாம் படிக்க வழி பிறந்துவிட்டது. நாம் எழுதுவதை உலகம் படிக்க என்ன செய்திருக்கிறோம்? நம் கல்லூரித் துறைகள் பல, ஆண்டுக்கணக்காக ஆய்விதழ் நடத்துகின்றன. அச்சானதும் சில படிகள் வெளியூருக்குப் போகும், மீதி துறை அலமாரியில் தங்கும். டெல்டா வயலின் பூச்சிகளைப் பற்றி அதில் வந்த கட்டுரை, அதே பூச்சியை வேறொரு நாட்டில் ஆராய்பவருக்குக் கண்ணில் படுவதே இல்லை.

இந்த இதழ்களை இணையத்தில் ஏற்றும் பொறுப்பைக் கல்லூரி நூலகம் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துறைத் தலைவர் மாறுவார், பேராசிரியர் ஓய்வு பெறுவார். மாணவர் ஒருவர் ஆர்வத்தோடு அமைத்துத் தந்த தளம், அவர் படிப்பு முடிந்ததும் கேட்பாரற்றுக் கிடக்கும். 2000 முதல் 2019 வரை, 170-க்கும் மேற்பட்ட திறந்த அணுகல் ஆய்விதழ்கள் இணையத்திலிருந்தே மறைந்துபோனதாக ஓர் ஆய்வு கண்டறிந்தது. ஒரு கட்டுரையை இருபது ஆண்டுகள் கழித்தும் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் வளாகத்தில் நூலகத்துக்கு மட்டுமே உண்டு.

முதலில் காகிதம், பிறகு கணினி

மென்பொருளைத் தேடுவதற்கு முன், இதழ் நடத்தும் துறையோடு உட்கார்ந்து இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். கட்டுரையைத் தேர்ந்தெடுப்பது பதிப்பாசிரியர் குழுவின் வேலை. அதில் நூலகம் தலையிடாது. தளம், மெட்டாடேட்டா, அடையாள எண்கள், காப்பு ஆகியவை நூலகத்தின் வேலை. இதழ் நின்றுபோனாலும் வெளிவந்த கட்டுரைகள் அழிக்கப்படாது என்று ஒரு வரி இருக்கட்டும். முதல்வரோ பதிவாளரோ கையெழுத்திட வேண்டும், ஏனென்றால் இணைய முகவரிக்கும் ஆண்டுக் கட்டணங்களுக்கும் நிதி ஒதுக்குபவர் அவர்தான்.

ஆண்டுக்கு எத்தனை இதழ் என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். மாத இதழ் ஆசை வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு போதும். அந்த இரண்டும் சொன்ன மாதத்தில் வர வேண்டும். இரண்டு இதழுக்கான கட்டுரைகள் கையில் சேர்ந்த பிறகே முதல் இதழை வெளியிடுவது நல்லது.

பெயரிலும் கவனம் வேண்டும். இன்னொரு இதழின் பெயரைப் போல் ஒலிக்கும் பெயரைத் தவிருங்கள். ‘சர்வதேச’ என்று தொடங்கும் பெயர்கள் நம் நாட்டில் போலி இதழ்களால் பட்ட பாடு போதும். பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது.

தளம்

உலகெங்கும் நூலகங்கள் பெரிதும் பயன்படுத்துவது ‘ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’, சுருக்கமாக ஓ.ஜே.எஸ். என்ற கட்டற்ற மென்பொருள். இதை உருவாக்கியது, பேராசிரியர் ஜான் வில்லின்ஸ்கி கனடாவில் 1998-இல் தொடங்கிய ‘பப்ளிக் நாலெட்ஜ் ப்ராஜெக்ட்’ (பி.கே.பி.). அந்தத் திட்டம் பின்னாளில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக நூலகத்தோடு சேர்ந்து வளர்ந்தது. கட்டுரை வரவு, மதிப்பாய்வு, மெய்ப்பு, வெளியீடு என எல்லாக் கட்டமும் இதற்குள்ளேயே நடக்கும். இலங்கையின் ஆய்விதழ்களை ஒரே இடத்தில் தரும் ‘ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஆன்லைன்’ தளமும் இதில்தான் இயங்குகிறது.

சொந்த சர்வர் வைத்துப் பராமரிக்க ஆள் இல்லை என்றால், காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையத்தை முதலில் அணுகுங்கள். பல்கலைக்கழக இதழ்களை ஓ.ஜே.எஸ்.-இல் ஏற்றித் தரும் சேவையை அது நடத்தி வந்திருக்கிறது. சொந்தமாக நிறுவுவதாக இருந்தால் பி.எச்.பி., மை.எஸ்.க்யூ.எல். தெரிந்த ஒருவர் போதும். அவரிடம் மூன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒன்று, கட்டுரைக் கோப்புகள் சேரும் கோப்புறை, இணையத்தில் தெரியும் கோப்புறைக்கு வெளியே இருக்கிறதா? உள்ளே இருந்தால், வெளிவராத கட்டுரைகளும் மதிப்பாய்வாளரின் ரகசியக் குறிப்புகளும் வெளியாருக்குக் கிடைக்கக்கூடும். இரண்டு, குறித்த நேரத்தில் தானாக இயங்கும் பணிகள் சர்வரில் அமைக்கப்பட்டிருக்கின்றனவா? இல்லையென்றால் மதிப்பாய்வாளருக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் போகாது. மூன்று, பதிவுப் படிவத்தில் கேப்ட்சா இருக்கிறதா? அது இல்லாத தளத்தில் சில வாரங்களிலேயே போலிக் கணக்குகள் குவிந்துவிடும்.

முகவரி கல்லூரியின் சொந்த இணைய முகவரிக்குக் கீழேயே இருக்கட்டும். தனியார் ஒருவர் பெயரில் வாங்கிய முகவரி, அவர் புதுப்பிக்க மறந்த நாளில் யாரோ ஒருவருடையதாகிவிடும்.

கொள்கைப் பக்கமும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும்

இதழின் நோக்கம், மதிப்பாய்வு முறை, கட்டணம் உண்டா இல்லையா, கருத்துத் திருட்டு பற்றிய நிலை, தவறு கண்டால் கட்டுரையைத் திருத்தும் அல்லது திரும்பப் பெறும் முறை, ஆசிரியர் குழுவினரின் பெயரும் பணியிடமும் என எல்லாவற்றையும் தளத்தில் எழுதுங்கள். குழுவில் பெயர் போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். கட்டுரையாளரிடம் பணம் வாங்க வேண்டாம். நூலகம் நடத்தும் இதழின் பெருமையே அதுதான்.

பதிப்புரிமை கட்டுரையாளரிடமே இருக்கட்டும்; கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றின் கீழ் வெளியிடுங்கள். மூல ஆசிரியரைச் சுட்டினால் யாரும் பயன்படுத்தலாம் என்கிற சி.சி. பை உரிமம் அறிவியல் இதழுக்குப் பொருந்தும்.

இதழை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை இந்தியாவில் புதுதில்லியில் உள்ள தேசிய மையம் கட்டணமின்றி வழங்குகிறது. அச்சுக்கு ஓர் எண், இணையத்துக்கு இன்னோர் எண். அட்டை, தளத்தின் தலைப்பு, விண்ணப்பம் மூன்றிலும் இதழின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இந்த எண் தரச்சான்று கிடையாது. அதைச் சான்றிதழ் போல விளம்பரப்படுத்தும் இதழ்களின் வரிசையில் உங்கள் இதழ் நிற்க வேண்டாம்.

தமிழ்க் கட்டுரையும் தமிழ்ப் பெயரும்

பொதுவான வழிகாட்டிகள் சொல்லாத இடம் இது. நம் இதழ்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

நம் ஊர் டி.டி.பி. மையங்களில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் பேஜ்மேக்கரில் அமைத்த பக்கங்கள் இன்றும் வருகின்றன. அவற்றில் திரையில் ‘மண்’ என்று தெரிந்தாலும், கணினிக்கு அது ஏதோ ஆங்கில எழுத்துகளின் கோவைதான். அந்த பி.டி.எஃப். கோப்பைத் தேடுபொறியால் படிக்க முடியாது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆய்விதழ்கள் இன்னும் தயங்குவதற்குக் காரணமே இல்லை. கட்டுரைகளை யூனிகோடில் மட்டுமே பெறுவோம் என்று அறிவியுங்கள்.

யூனிகோடில் அமைத்தாலும் சோதனை தேவை. முடிந்த பி.டி.எஃப்.-இலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ என்பது துண்டு துண்டாக வந்தால் பக்க வடிவமைப்பில் கோளாறு. இன்டிசைனில் அமைப்பவர் ‘வேர்ல்ட் ரெடி’ பத்தி அமைப்பானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியும் சரியாகவில்லை என்றால் பி.டி.எஃப்.-உடன் எச்.டி.எம்.எல். வடிவத்தையும் ஏற்றுங்கள். தலைப்பு, சுருக்கம், திறவுச்சொற்கள் மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓ.ஜே.எஸ். படிவத்திலேயே நிரப்புங்கள். ஒவ்வொரு புலத்தையும் பல மொழிகளில் நிரப்ப அதில் வசதி உண்டு.

அடுத்தது பெயர். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. ‘க. முருகேசன்’ என்பவரைப் படிவத்தில் நிரப்புகிறவர், ‘க’ என்பதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், மேற்கோள் பட்டியல்களில் அவர் வெறும் ‘கே’ ஆகிவிடுவார். அவருடைய ஆய்வுகள் நான்கு பெயர்களில் சிதறும். ஓ.ஜே.எஸ். மூன்றாம் பதிப்பின் பிந்தைய வெளியீடுகளில் குடும்பப் பெயர் கட்டாயமில்லை. கட்டுரையாளரிடமே கேட்டு ஒரே வடிவத்தை முடிவு செய்து, எல்லா இதழிலும் அதையே பின்பற்றுங்கள். எல்லோரையும் ஆர்கிட் எண் பெறச் சொல்லுங்கள். 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் இந்த 16 இலக்க எண், பெயர் எப்படி எழுதப்பட்டாலும் ஆளை மாற்றாது. நூலடைவு செய்து பழகிய கைக்கு இதெல்லாம் தெரிந்த வேலை. துறைக்கு நூலகம் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவியும் இதுவே.

மதிப்பாய்வு

நூலகம் இதில் தீர்ப்புச் சொல்லாது; நடைமுறை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும். மதிப்பாய்வாளருக்கு அனுப்பும் கோப்பில் கட்டுரையாளர் பெயர், நன்றியுரை, கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் பெயர் ஆகியவற்றை நீக்கியிருக்கிறார்களா என்று சரிபாருங்கள். முடிவுகள் எல்லாம் தளத்தின் வழியாகவே நடக்கட்டும். வாட்ஸப்பில் வந்த ஒப்புதலுக்கு நாளை ஆவணம் இருக்காது.

டி.ஓ.ஐ.

கட்டுரைக்கு நிலையான முகவரி தருவது டி.ஓ.ஐ. ஆய்விதழ்கள் பெரும்பாலும் கிராஸ்ரெஃப் அமைப்பில் உறுப்பினராகி இதைப் பெறுகின்றன. ஆண்டுச் சந்தா உண்டு. புதிய கட்டுரை ஒன்றுக்கு 1 டாலர், பழையவற்றுக்கு அதைவிடக் குறைவு. கல்லூரி முழுவதற்கும் நூலகத்தின் பெயரில் ஒரே உறுப்பினராகச் சேர்ந்தால், எல்லாத் துறை இதழ்களுக்கும் அது பயன்படும். எண்ணுக்குள் இதழின் பெயரைப் புகுத்தாதீர்கள். பெயர் மாறலாம், எண் மாறக் கூடாது. சர்வர் மாறினால் அன்றே புதிய முகவரிகளைக் கிராஸ்ரெஃபில் பதிய வேண்டும். இந்தக் கடமையை ஏற்க முடியாத இடம் டி.ஓ.ஐ. வாங்கவே கூடாது.

பழைய இதழ்கள்

அலமாரியில் இருப்பவற்றையும் ஏற்றுங்கள். 300 டி.பி.ஐ. தெளிவில் வருடி, எழுத்துணரி வழியாக உரையாக்கி, கட்டுரைக்கு ஒரு கோப்பாகப் பிரித்து, ஓ.ஜே.எஸ்.-இன் ‘குவிக் சப்மிட்’ செருகி மூலம் சேர்க்கலாம். ஆனால் முதலில் உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுத்தில் மாற்றித் தராத வரை அது கட்டுரையாளருடையது. இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். காலமானவர்களின் வாரிசுகளைத் தேடுங்கள். தம் தந்தையின் கட்டுரை மீண்டும் வெளிவருவதை மகிழ்ந்து வரவேற்கும் குடும்பங்களே மிகுதி.

கண்டுபிடிக்கப்பட, நிலைத்திருக்க

கூகுள் ஸ்காலர் எதிர்பார்க்கும் குறிப்புகளை ஓ.ஜே.எஸ். தானே தந்துவிடும். சுருக்கத்தைப் படிக்க லாகின் கேட்காதீர்கள். பி.டி.எஃப். 5 எம்.பி.-க்குள் இருக்கட்டும். அடுத்து, 2003-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறந்த அணுகல் இதழ்களின் அடைவான டி.ஓ.ஏ.ஜே.-வுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் இல்லை. ஆண்டுக்கு 5 ஆய்வுக் கட்டுரைகளாவது வர வேண்டும்; ஆசிரியர் குழுவினரோ மதிப்பாய்வாளர்களோ எழுதியவை ஓர் இதழில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டாவது விதியில்தான் துறை இதழ்கள் பல இடறுகின்றன. தொடக்கத்திலிருந்தே வெளியூர்க் கட்டுரையாளர்களைத் தேடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு தரமான ஆய்விதழ்களுக்கென வைத்திருந்த ‘கேர்’ பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டதால், இனி இதழின் தரத்தை அதன் நடைமுறையைப் பார்த்தே எடைபோடுவார்கள்.

காப்பில் சிக்கனம் கூடாது. தரவுத்தளம், கட்டுரைக் கோப்புறை, பொதுக் கோப்புறை, அமைப்புக் கோப்பு நான்கையும் சேர்த்து நகலெடுங்கள். ஒன்று விடுபட்டாலும் தளம் மீளாது. ஒரு நகல் வேறு கட்டடத்திலோ வேறு ஊரிலோ இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த நகலிலிருந்து தளத்தை மீட்டு இயக்கிப் பாருங்கள். ஐ.எஸ்.எஸ்.என். கிடைத்ததும் ‘பி.கே.பி. காப்பு வலையமைப்பு’ செருகியை இயக்குங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் பிறந்த லாக்ஸ் தொழில்நுட்பத்தில், உங்கள் கட்டுரைகளின் படிகள் பல இடங்களில் இலவசமாகச் சேமிக்கப்படும்.

எல்லாத் துறைகளையும் ஒரே நேரத்தில் அழைக்க வேண்டாம். இந்தக் கல்வியாண்டில், ஒழுங்காக வெளிவரும் ஒரே ஓர் இதழின் பதிப்பாசிரியரை நூலகத்துக்கு அழைத்து, அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தை எழுதத் தொடங்குங்கள்.