திருப்பருப்பதம்: மலையும் அணையும்

தேவார முதலிகள் மூவரும் பாடியருளிய வடநாட்டுத் தலங்களுள் ஒன்று திருப்பருப்பதம். இக்காலத்து ஸ்ரீசைலம் என வழங்கும் அத்தலம், ஆந்திர தேசத்து நந்தியால் மாவட்டத்தில், நல்லமலைக் காட்டினிடையே, கிருஷ்ணா நதியின் தென்கரையில் உள்ளது. நம் பாடசாலை மாணாக்கர் இத்தலப் பதிகங்களை மனனம் பண்ணுகின்றனர். தலம் எத்தகையது என்று வினவினால் விடை கூற வல்லார் சிலரே. ஆதலின், யாத்திரை செய்யும் ஆசிரியர்களுக்கும் வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியர்களுக்கும் உபயோகமாகச் சில கூறுவாம்.

சுவாமி பெயர் மல்லிகார்ச்சுனர், அம்மை பிரமராம்பிகை. சோதிலிங்கத் தலங்கள் பன்னிரண்டனுள் இஃதொன்று. நந்திதேவர் தவஞ்செய்து மலையுருவாகி இறைவனைத் தாங்குகின்றார் என்பது தலவரலாறு. திருமதிலின் புறத்தே யானையும் குதிரையும் வேட்டையும் சிவபெருமானுடைய திருவிளையாடல்களும் கல்லிற் செதுக்கப்பட்டிருக்கின்றன. யாத்திரிகர் அம்மதிலை ஒருமுறை நின்று நின்று சுற்றிப் பார்த்தல் வேண்டும். மலையடியிலே செல்லும் நதியைப் பாதாள கங்கை என்பர். அப்பர் சுவாமிகள் கயிலையை நோக்கிச் செல்லுங்கால் இத்தலத்துக்கு எழுந்தருளினர் என்றும், சம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியிலிருந்தே இதனைப் பாடினர் என்றும் பெரியபுராணங் கூறும்.

ஏழாந் திருமுறையிலுள்ள சுந்தரர் பதிகத்தைக் கற்பிக்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அங்கே மானும் மயிலும் சுனைநீர் பருகுகின்றன. களிறு தன் பிடியைத் தேடி அலைகின்றது. மலைவாழ் உயிர்களைச் சொல்லியே மலையின் பெருமையைச் சுவாமிகள் சொல்லினர். 1983ஆம் ஆண்டிலே புலிக் காப்பகமாக்கப்பட்ட இக்காடு, இந்தியாவின் புலிக் காப்பகங்களுள் மிகப் பரந்தது. புலி, சிறுத்தை, கரடி, கடமான், புள்ளிமான் முதலியன இதில் வாழ்கின்றன. செஞ்சு என்னும் வனக்குடியினர், மல்லிகார்ச்சுனர் தங்கள் குலப்பெண்ணை மணந்தார் எனக்கூறி அவரை உறவினராகவே போற்றுகின்றனர். காட்டுவழியில் இராக்காலத்தே வாகனங்கள் செல்ல விடப்படுவதில்லை. அடியார்கள் பகலிலே செல்லுக. விலங்குகளுக்கு உணவு எறியாதொழிக.

இனி அணையைக் கூறுவாம். 1963ஆம் ஆண்டில் நேரு அவர்கள் அடிக்கல் நாட்டினர். 1981ஆம் ஆண்டில் வேலை நிறைவெய்தியது. அணையின் உயரம் 145 மீற்றர், நீளம் 512 மீற்றர், மதகுகள் 12. இரு கரைகளிலும் மின்சாரம் உண்டாக்கப்படுகின்றது. வறண்ட நிலங்கள் நீர் பெற்றன. இந்நன்மை மெய்யே. ஆயினும் தேங்கிய நீரிலே கிராமங்கள் பல மூழ்கின, ஆலயங்களும் மூழ்கின.

கிருஷ்ணாவும் துங்கபத்திரையும் கூடுமிடத்துச் சங்கமேசுவரர் கோயில் ஆண்டின் பெரும்பகுதி நீருள் இருக்கின்றது. கோடையில் நீர் வற்றும்போது வெளிப்படும். அப்பொழுது பூசை நடைபெறும். அங்குள்ள இலிங்கம் வேம்பினால் ஆயது, தருமர் தாபித்தது என்பர். கூடவெல்லி என்னுமூரிலிருந்த பழைய சாளுக்கியர் கோயிலோ கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு ஆலம்பூரிலே மீள அமைக்கப்பட்டது.

இவற்றைக் கேட்கும் மாணாக்கன், "இறைவன் தன் கோயிலைக் காத்துக்கொள்ளலாகாதா?" என்று வினவுவான். அவனை அதட்டி அடக்குதல் தகாது. நீரும் இறைவனுடைய அட்டமூர்த்தங்களுள் ஒன்றென்பதை முதலில் உணர்த்துக. நீருள் இருத்தலால் அவனுக்கு வரும் குறை யாதுமில்லை. கோயில் ஆன்மாக்கள் வழிபட்டு உய்யும்பொருட்டு அமைந்தது. அது மறையின் இழப்பு நமதே. ஆதலின் அதனைக் காத்தலும் நமது கடனேயாம். நம் திருக்கோணேச்சரத்தைப் பறங்கியர் பகைமையால் இடித்தனர். அதன் கற்கள் கடலுட் கிடக்கின்றன. கிருஷ்ணா நதியிலோ பகையின்றியே, பலர் பசி தீர்க்கும் முயற்சியில் கோயில் மூழ்கிற்று. இவ்விரண்டும் வேறு என்பதை மாணாக்கர் அறிதல் வேண்டும். நன்மையை நாடுவோரும் தாம் இழப்பது இதுவென்று முன்னரே எண்ணிப் பார்த்தல் கடமை. கூடவெல்லிக் கோயிலைப் பெயர்த்தமைத்தோர் எண்ணினர். அதனால் அது நிலைத்தது.

ஆகவே ஆசிரியர்காள்! இப்பதிகத்தைக் கற்பிக்கும் நாளிலே நதியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, மலை, காடு, அணை, மூழ்கிய கோயில், பெயர்த்தமைத்த கோயில் என்னும் ஐந்தையும் குறித்துக் காட்டுக. பின்னர், தம்மூர்க் கோயிலையும் குளத்தையும் காக்கத் தாம் செய்யத்தக்கது யாதென ஒவ்வொரு மாணாக்கனும் எழுதும்படி செய்க. பாடிய நாவும் காக்குங் கையும் ஒருவனிடத்தே கூடுமாயின், அப்பாடம் பயனுடையதாம்.